பூச்சி எண்ணும் வேலை

வன ஆராய்ச்சி நிறுவனங்களின் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இரண்டு நிபந்தனைகள் மனப்பாடம் ஆகியிருக்கும். களப்பணிக்குப் போகத் தயாராக இருக்க வேண்டும் என்பது ஒன்று. பணி முற்றிலும் தற்காலிகமானது, திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது என்பது மற்றொன்று. தாவரவியலிலோ விலங்கியலிலோ வனவியலிலோ முதுநிலை முடித்த பிள்ளைகள் சான்றிதழ்க் கோப்போடு நேர்முகத் தேர்வுக்கு வருகிறார்கள். தேர்வானவர்களைக் காட்டுக்கும் நாற்றங்காலுக்கும் அனுப்பி, மரத்தில் என்ன பூச்சி, இலையில் என்ன புள்ளி, தரையில் என்ன அந்நியச் செடி என்று எழுதிவரச் சொல்கிறார்கள். ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வாளர், திட்ட உதவியாளர், கள உதவியாளர் என்று பெயர்தான் மாறும். வேலை ஏறத்தாழ ஒன்றே. நம் காடுகளின் உடல்நிலை பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இவர்கள் நிரப்பிய படிவங்களிலிருந்து வந்தது. அந்தப் படிவங்கள் எதைப் பிடிக்கின்றன, எதைத் தவறவிடுகின்றன, அவற்றை நிரப்பும் வேலையை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதைத் தென்னிந்தியக் காடுகளை முன்வைத்துப் பார்க்கலாம்.

நிலம்பூரில் தொடங்குவது நல்லது. 1840-களில், கனோலி மலபார் கலெக்டராக இருந்த காலத்தில், அங்கே தேக்கு நட்டார்கள். உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டங்களில் ஒன்று அது. அந்த வட்டாரத் தேக்கை ஒரு புழு ஆண்டுக்காண்டு மொட்டையடித்துவந்தது. ஹிப்ளியா பியூரா என்ற அந்துப்பூச்சியின் புழு. கோடை மழை இரண்டு பெய்து தேக்கு துளிர்த்ததும் வந்துவிடும். இளந்தளிரை நரம்பு மட்டும் மிஞ்சும்படி தின்று தீர்க்கும். பிறகு நூல் விட்டு இறங்கிச் சருகுக்குள் கூட்டுப்புழுவாகிவிடும். சில வாரங்களில் மரம் மறுபடி இலைவிடும். மரம்தான் சாகவில்லையே, பிறகென்ன என்று நெடுங்காலம் விட்டுவிட்டார்கள். மழைக்காலம் முடிந்தபின் இன்னொரு புழு வரும். இலையின் பச்சையை மட்டும் சுரண்டித் தின்றுவிட்டு நரம்புப் பின்னலை அப்படியே விட்டுவைக்கும் இனம். தோட்டம் முழுவதும் தீய்ந்தாற்போல் தெரியும் என்பதால், பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டாவதுதான் பெரிய பகையாகப் பட்டது.

பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் கே.எஸ்.எஸ். நாயரும் அவருடைய குழுவினரும் இதைக் கண்ணளவுக்கு விடாமல் அளந்து பார்க்க முடிவுசெய்தார்கள். இளந்தேக்குத் தோட்டத்தைப் பிரித்து, ஒரு பகுதியில் முதல் புழுவை மட்டும் மருந்தடித்துத் தடுத்தார்கள். ஒரு பகுதியில் இரண்டாவதை மட்டும். ஒரு பகுதியில் இரண்டையும். மீதியைப் புழுவுக்கே விட்டார்கள். ஆண்டுக்கணக்கில் இலையிழப்பைப் பதிந்து, மரத்தின் சுற்றளவை அளந்தார்கள். 1985-ல் வெளிவந்த அறிக்கையின்படி, பாதுகாத்த மரங்கள் ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 6.7 கனமீட்டர் பருத்தன, பாதுகாக்காதவை 3.7 கனமீட்டர்தான். வளர்ந்திருக்க வேண்டிய மரத்தில் 44 விழுக்காடு புழு வயிற்றுக்குள் போயிருந்தது. பயமுறுத்திய இரண்டாவது புழுவால் குறிப்பிடத்தக்க இழப்பே இல்லை. பருவம் முடிந்து எப்படியும் உதிரப்போகும் இலையைத்தான் அது தின்கிறது.

இந்த முடிவை எட்டப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரே மரத்தடிக்குத் திரும்பத் திரும்பப் போய், அண்ணாந்து பார்த்து, இலை எத்தனை பங்கு போயிற்று என்று எழுதும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். மழை, அட்டை, யானை எதுவானாலும் குறித்த நாளில் போக வேண்டும். நாயர் குழுவின் தொடர் கவனிப்பில் இன்னொன்றும் தெரிந்தது. தாக்குதல் தோட்டம் முழுவதும் ஒரே நாளில் வருவதில்லை. முதல் மழைக்குப் பின் சிறு சிறு திட்டுகளில் தலைகாட்டிப் பிறகுதான் பரவுகிறது. அந்தத் திட்டுகளை ஆரம்பத்திலேயே கண்டால், இதே புழுவைக் கொல்லும் நச்சுயிரியை அங்கு மட்டும் தெளித்துப் பரவலைக் குறைக்கலாம் என்ற எண்ணம் இதிலிருந்துதான் பிறந்தது.

இந்த வேலையில் புதிதாகச் சேருகிறவருக்கு முதலில் கற்றுத்தரப்படுவது இரண்டு எண்களைப் பிரித்துப் பார்ப்பது. நூறு மரத்தில் எத்தனை மரம் நோய்ப்பட்டிருக்கிறது என்பது பரவல். நோய்ப்பட்ட மரத்தில் எவ்வளவு போயிற்று என்பது தீவிரம். பெரும்பாலும் 0 முதல் 4 அல்லது 5 வரை மதிப்பெண் போடுவார்கள். காலையில் 2 போட்ட அதே பாதிப்புக்குப் பசியும் வெயிலும் ஏறிய மதியத்தில் 3 விழுவது இந்தத் தொழிலில் யாவரும் அறிந்த விஷயம். இருவர் தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒப்பிடுவது அதற்காகத்தான். ஆள்பற்றாக்குறையில் முதலில் கைவிடப்படுவதும் அந்த ஒப்பீடுதான்.

கற்றுத்தரப்படாத இன்னொன்று இருக்கிறது: சுழியத்தின் மதிப்பு. பார்த்தேன், பூச்சி இல்லை என்பதற்குக் கட்டத்தில் 0 எழுத வேண்டும். பார்க்கவே இல்லை என்றால் வெற்றிடம் விட வேண்டும். இரண்டையும் குழப்பிய பதிவேடு பின்னால் வரும் எவருக்கும் பயன்படாது. ஒரு பூச்சி எந்த ஆண்டு வந்தது என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு முந்தைய ஆண்டு அங்கே அது இல்லை என்று யாராவது எழுதிவைத்திருக்க வேண்டும். நடைமுறையில் என்ன ஆகிறது? 'மாநிலத்தில் முதல் பதிவு' என்று ஒரு கட்டுரை வந்தால் கைதட்டல் உண்டு. ஓராண்டு முழுவதும் தேடினோம், இல்லை என்று எழுதுகிற இளைஞருக்கு ஆய்விதழும் கிடையாது, பாராட்டும் கிடையாது. அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைச் சாய்த்த மரகதப் பச்சை வண்டு 2002-ல் டெட்ராய்ட் அருகே கண்டுபிடிக்கப்பட்டது. செத்த மரங்களின் ஆண்டு வளையங்களைப் பின்னோக்கி ஆராய்ந்தபோது, அது 1990-களிலேயே வந்து குடியேறியிருந்தது தெரிந்தது. இடைப்பட்ட அத்தனை ஆண்டும் அந்த மரங்களை அண்ணாந்து பார்த்து எழுத யாரும் இல்லை.

கண்ணுக்குத் தெரிவது அறிகுறி, காரணம் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டிலும் தெலங்கானாவிலும் சாலையோர வேப்பமரங்கள் நுனி கருகிக் கொத்துக் கொத்தாகக் காய்ந்து நின்றபோது ஊரெல்லாம் பீதி கிளம்பியது. செல்பேசிக் கோபுரத்திலிருந்து தெய்வக் குற்றம் வரைக்கும் காரணங்கள் சொல்லப்பட்டன. நுனிக்கருகலுக்கு இரண்டு வலுவான சந்தேக நபர்கள் உண்டு. ஒன்று தேயிலைக் கொசு. பெயர்தான் கொசு, உண்மையில் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. அது குத்திய இளந்தண்டு கருகிவிடும். மற்றொன்று ஃபோமாப்சிஸ் அசாடிராக்டே என்னும் பூஞ்சை. மைசூர் வட்டார வேம்புகளிலிருந்து 1990-களில் விவரிக்கப்பட்டது. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பூச்சிக்கான மருந்து பூஞ்சையைத் தொடாது, பூஞ்சைக்கானது பூச்சியை.

இங்கேதான் மாதிரி எடுக்கும் பழக்கம் முக்கியமாகிறது. முழுக்கக் காய்ந்த குச்சியை ஒடித்து வருவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. அதில் நோய்க்கிருமி கிடைக்காது. செத்த கட்டையில் குடியேறும் மட்குண்ணிப் பூஞ்சைகள்தான் வளரும். உயிருள்ள திசுவும் செத்த திசுவும் சந்திக்கும் விளிம்பை வெட்ட வேண்டும். காகித உறையில் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் வியர்த்து அழுகிவிடும். ஆய்வகத்தில் மேற்பரப்பைக் கிருமிநீக்கி, உருளைக்கிழங்குச் சாறு கலந்த அகாரில் வளர்த்து, கிடைத்ததை நலமான செடிக்குள் செலுத்தி, அதே நோய் வருகிறதா என்று பார்த்து, அதிலிருந்து அதே பூஞ்சையைத் திரும்ப எடுத்தால்தான் குற்றம் நிரூபணம். புழுவாக இருந்தால் அதன் உணவுச் செடியோடு பிடித்துவந்து டப்பாவில் வளர்த்து, அந்துப்பூச்சி வெளிவரும்வரை காத்திருக்க வேண்டும். புழுவை மட்டும் பார்த்து இனம் சொல்ல முடிந்தவர்கள் அபூர்வம். பூச்சி வகைப்பாட்டியல் அறிந்த மூத்தவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்க, அந்த இடங்கள் அதே வேகத்தில் நிரம்பவில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காரணத்தைக் காண எவ்வளவு காலம் ஆகலாம் என்பதற்குச் சந்தன மரம் சாட்சி. 1899-ல் குடகில் ஒரு நோய் பதிவானது. இலைகள் வரவரச் சிறுத்து, குச்சியில் விறைத்து நின்று, இரண்டு மூன்று ஆண்டுகளில் மரம் சாகும். ஸ்பைக் என்று பெயரிட்டார்கள். வைரஸ் என்றே அரை நூற்றாண்டுக்கு மேல் எண்ணியிருந்தார்கள். 1969-ல்தான் மின்னணு நுண்ணோக்கியில் மைக்கோபிளாஸ்மா போன்ற உயிரி தெரிந்தது. இன்று அதை ஃபைட்டோபிளாஸ்மா என்கிறோம். தத்துப்பூச்சிகள் பரப்புகின்றன என்று தெரிந்தாலும், எந்த இனம் எவ்வளவு பரப்புகிறது என்ற விவாதம் ஓயவில்லை. அறிகுறி காட்டாமலே நோயைச் சுமந்து நிற்கும் மரங்களும் உண்டு. மறையூர்ச் சந்தனக் காட்டில் கண்ணால் பார்த்து மட்டும் 'நலம்' என்று எழுதிவிட முடியாது. இலை மாதிரி எடுத்து டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பியாக வேண்டும்.

புதிதாக வந்திறங்கும் பூச்சிகளின் கதை வேறு. அவை பெரும்பாலும் நட்ட காட்டுக்குப் போகும் முன்பே நாற்றங்காலில் பிடிபடக்கூடியவை. தைலமரத்தின் இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்யும் குளவி, லெப்டோசைப் இன்வேசா, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது என்றாலும் அறிவியலுக்கு அறிமுகமானது மத்தியதரைக்கடல் நாடுகளில். 2004-ல்தான் பெயரே வைத்தார்கள். அந்தப் பத்தாண்டிலேயே தென்னிந்தியத் தைலத் தோட்டங்களுக்கும் வந்துவிட்டது. ஆண் துணையில்லாமல் பெண்ணே தனியாகப் பெருக முடியும் என்பதால், ஒரு நாற்று போதும். ஒரே குளோனை நூற்றுக்கணக்கான ஏக்கரில் நட்டிருந்தவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தாவித் தேக்கையும் விட்டுவைக்கவில்லை. வந்த இடமும் ஆண்டும் சரியாகப் பதிவானதால் அடுத்த வேலை விரைந்தது. 2010-ல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து, பெங்களூரில் பெருக்கி, வயல்களில் விட்டார்கள். அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி மாவுப்பூச்சியை அடக்கிவிட்டது. உயிரியல் கட்டுப்பாடு எப்போதும் இப்படி முடிவதில்லை. உண்ணிச்செடியை ஒழிக்க டெலியோனீமியா என்ற பூச்சியை 1941-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். தேக்குப் பூவையும் தின்னக்கூடும் என்ற அச்சத்தில் டேராடூனில் வைத்திருந்த வளர்ப்பை அழித்தார்கள். பூச்சியோ அதற்குள் தப்பிவிட்டது. இன்று நாடெங்கும் இருக்கிறது. தேக்கும் நன்றாக இருக்கிறது, உண்ணிச்செடியும் நன்றாக இருக்கிறது.

உண்ணிச்செடிக்கு வந்துவிட்டோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச் செடியாக வந்தது. 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, புலிகள் வாழும் காடுகளில் 40 விழுக்காட்டுக்கு மேல், ஏறத்தாழ 1,54,000 சதுர கிலோமீட்டரில், அதன் அச்சுறுத்தல் இருப்பதாகக் கணித்தது. 2023-ல் அதே ஆய்வாளர்கள் 1,58,000 மாதிரிக் கட்டங்களின் தரவை வைத்து நாட்டின் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கே வரைபடம் போட்டார்கள். ஒன்றரை லட்சம் கட்டங்கள்! வனக்காப்பாளர்களும், வேட்டைத் தடுப்புக் காவலர்களும், புதிதாக வேலைக்கு வந்த ஆய்வாளர்களும் புலிக் கணக்கெடுப்பின் போக்கில் நடந்து நடந்து, அங்கங்கே நின்று, என்ன களை எவ்வளவு என்று குறித்தவை. படம் போட்டவர்களின் பெயர் கட்டுரையில் இருக்கிறது. குறித்தவர்களுக்கு நன்றியுரையில் ஒரு வரி.

அகலமான பார்வைக்கு இது போதும். செடி பரவுகிறதா, எந்த வேகத்தில் என்று கேட்டால் ஒரே இடத்துக்குத் திரும்பிப் போன பதிவுதான் பதில் சொல்லும். சத்தியமங்கலத்தை ஒட்டிய பிலிகிரி ரங்கன் மலையில் 1997-ல் 134 கட்டங்களில் செடிகளை எண்ணிவைத்திருந்தார்கள். 2008-ல் அதே கட்டங்களுக்குப் போனபோது, ஐந்தில் இரண்டு பங்கு கட்டங்களில் இருந்த உண்ணிச்செடி ஐந்தில் நான்கு பங்குக்கு ஏறியிருந்தது. எண்ணிக்கையில் நூறு செடிக்கு ஐந்தாக இருந்தது முப்பதை நெருங்கியிருந்தது. முதுமலையில் ஆர். சுகுமார் குழுவினர் 1988-ல் தொடங்கிய 50 ஹெக்டேர் நிரந்தரக் கட்டம் இன்னும் பெரிய சொத்து. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமனுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் உண்டு; நான்காண்டுக்கு ஒருமுறை முழுக் கணக்கு, ஆண்டுதோறும் எது செத்தது எது புதிது என்ற கணக்கு. யானை முறித்ததா, தீயா, வறட்சியா என்று பிரித்துச் சொல்ல முடிவது இந்தத் தொடர்ச்சியால்தான்.

பிலிகிரி ரங்கன் மலையின் சோலிகர் பழங்குடியினர் படிவம் இல்லாமலே இதைச் சொல்லிவந்தார்கள். முன்பெல்லாம் கோடையின் தொடக்கத்தில் சருகுக்குச் சிறு தீ வைப்போம். அதைத் தடுத்தபிறகுதான் உண்ணிச்செடியும் நெல்லிமரத்துப் புல்லுருவியும் பெருத்தன என்பது அவர்கள் கூற்று. ஆய்வாளர்கள் இதைப் பிற்பாடு கருதுகோளாக எடுத்துச் சோதித்தார்கள். தீயின் பங்கு பற்றிய வாதம் இன்னும் நடக்கிறது. என் கருத்தில், அவர்கள் சொல்வது முழுச் சரியா என்பதைவிட, அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் இருந்தது என்பதுதான் பெரிய குறை. மத்தியப் பிரதேசச் சால் காடுகளில் 1990-களின் பிற்பகுதியில் துளைப்பான் வண்டு பெருகியபோது, புதிதாக வெட்டிய சால் கட்டையைத் தட்டிச் சாறு கசியவிட்டு, மணத்துக்கு வந்து மயங்கிக் கிடக்கும் வண்டுகளைப் பொறுக்கியவர்கள் அந்தக் காட்டு மக்கள்தான். பொறுக்குவதற்கு அவர்களைக் கூப்பிட்டோம். முன்கூட்டியே பார்த்துச் சொல்ல மட்டும் ஏனோ கூப்பிடுவதில்லை.

ட்ரோனும் செயற்கைக்கோளும் வந்தபின் இப்படி நடந்து பார்க்கும் வேலை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மஞ்சக்கொன்றை என்ற ஆக்கிரமிப்பு மரம் பூக்கும் பருவத்தில் மேலிருந்து பளிச்சென்று தெரியும், உண்மை. மரநிழலுக்கடியில் வளரும் உண்ணிச்செடி அவ்வளவு எளிதாகத் தெரியாது. இலைக்காம்பு வீக்கம் தெரியவே தெரியாது. படத்தில் தெரியும் மஞ்சள் மஞ்சக்கொன்றைதானா, சரக்கொன்றையா என்று உறுதிசெய்ய ஒருவர் ஜி.பி.எஸ்.ஸோடு நடந்தாக வேண்டும்.

நடப்பவருக்கு நாம் தருவது என்ன? மத்திய அரசின் 2023 திருத்தப்படி, தேசியத் தேர்வில் தேறிய ஜே.ஆர்.எஃப்.புக்கு மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும். தேர்வு எழுதாதவர்கள் சேரும் திட்டப் பணிகளில் தொகுப்பூதியம் கணிசமாகக் குறைவு. பணத்தைவிடக் காலக்கெடுதான் வேலையைக் கெடுக்கிறது. திட்டம் பொதுவாக மூன்று ஆண்டு. வனத்துறை அனுமதிக்கும் ஆளெடுப்புக்கும் முதல் ஆண்டில் பல மாதம் போய்விடும். கண் பழகி, தேக்குப் புழுவின் எச்சத்தைத் தரையில் பார்த்தே மேலே நிமிரும் அளவுக்குத் தேறும்போது கடைசி ஆண்டு வந்துவிடும். அந்த ஆண்டில் அவர் அடுத்த வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பார். அவருடைய களக்குறிப்பேடு, படங்கள், கட்டங்களின் மூலை அடையாளங்கள் எல்லாம் ஒரு மடிக்கணினியோடு போய்விடுவது இத்துறையில் அடிக்கடி கேட்கும் புலம்பல். அடுத்த திட்டத்தில் வருபவர் புதிய கட்டங்களைப் போடுவார். இரண்டு கணக்கும் ஒட்டாது.

இதற்குப் பெரிய நிதி வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு வனச்சரகத்திலும் சில நிரந்தரக் கட்டங்கள், அவற்றின் மூலையில் பிடுங்க முடியாத கல், பதிவேடு துறையின் சொத்து, அதைப் பார்த்துக்கொள்ள அந்த ஊர்க்காரரான ஒரு காவலருக்கு நிரந்தரப் பணி. இளம் ஆய்வாளர்கள் வந்துபோகட்டும். அவர்களுக்கு இடத்தைக் காட்டுபவர் மாறாதிருந்தால் தொடர்ச்சி நிற்கும்.

இப்போது இதன் தேவை மிகக் கூர்மையாகத் தெரியுமிடம் முதுமலையும் கூடலூரும். 1980-களில் வயநாட்டில் சமூகக் காடு வளர்ப்பில் நட்ட மஞ்சக்கொன்றை எல்லை தாண்டி இந்தப் பக்கம் காடாகிவிட்டது. தமிழ்நாடு அரசு 2022-ல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது; வெட்டிய மஞ்சக்கொன்றையைக் காகிதக் கூழுக்கு எடுத்துக்கொள்ள டி.என்.பி.எல். ஆலைக்கு அனுமதியும் கொடுத்தது. வெட்டுவது எளிது, எத்தனை டன் என்று எடைமேடை சொல்லிவிடும். இந்த மரமோ வெட்டிய கட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் துளிர்க்கும். மண்ணில் கிடக்கும் விதை பல மழைக்கு முளைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே அதே இடத்துக்கு ஆண்டுதோறும் போய், துளிர் எத்தனை, நாற்று எத்தனை, புல் திரும்பியதா, வெட்டவெளியைப் பார்த்து உண்ணிச்செடி நுழைந்ததா என்று எண்ண வேண்டும். கூழ் ஆலைக்கு அந்தக் கணக்கு வேண்டியதில்லை. மூன்றாண்டுத் திட்டத்தில் வந்த ஆய்வாளர் நான்காம் ஆண்டு அங்கே இருக்கமாட்டார். ஐந்தாம் மழைக்கு அந்தக் கட்டங்களுக்குப் போக வேண்டியவர் யார் என்பதை வேலைத்திட்டத்திலேயே பதவிப்பெயரோடு எழுதிவிட வேண்டும், வெட்டத் தொடங்குவதற்கு முன்பே.